பங்குனி ஆமை வரும் கரையில் நாயோடு ஒரு நடை

வடக்கு ஜெர்மனியில் உள்ள நீடர்சாக்சன் மாநிலத்தில் ஏப்ரல் 1 பிறந்துவிட்டால் நாய் வளர்ப்பவர்கள் எல்லோர் கையிலும் கயிறு ஏறிவிடும். அன்று முதல் ஜூலை 15 வரை காட்டிலும் வயல்வெளியிலும் நாயை அவிழ்த்துவிடக் கூடாது என்பது அந்த மாநிலத்தின் சட்டம். வசந்தம் வந்ததும் வானம்பாடி வயலுக்கு நடுவே தரையில் கூடு கட்டுகிறது. ஈரமான புல்வெளிகளில் ஆள்காட்டிப் பறவை முட்டையிடுகிறது. மே மாதம் பிறக்கும் மான்குட்டியை உயரமான புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுத் தாய் மேயப் போகிறது. ஆபத்து நெருங்கினாலும் அந்தக் குட்டி எழுந்து ஓடாது. மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே கிடக்கும். மோப்பம் பிடித்து வரும் நாயிடமிருந்து அதைக் காப்பாற்ற, அந்த நாயை வளர்ப்பவர் கையில் உள்ள கயிற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஆங்கிலேயர்களும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தின் திறந்தவெளி மேட்டு நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் கூட்டிச் செல்ல வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக மனிதர்கள் வருடத்தில் 5 மாதம் விட்டுக்கொடுக்கிறார்கள்.

நம் கடற்கரைக்கும் அப்படி ஒரு பருவம் இருக்கிறது. மார்கழிக் கடைசியில் தொடங்கி பங்குனி முடியும் வரை, பழவேற்காட்டிலிருந்து மாமல்லபுரம் தாண்டியும் நீளும் மணலில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. கோவளமும் அந்த மணலில்தான் இருக்கிறது. வீட்டு நாயைக் காலையில் கடற்கரைக்குக் கூட்டிவந்து அவிழ்த்துவிடும் வழக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகப் பரவியிருக்கும் இந்தக் காலத்தில், நமக்கும் ஒரு கயிற்றுப் பருவம் தேவை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஹானோவரில் பழகிய கால்கள்

நீடர்சாக்சனின் தலைநகரம் ஹானோவர். அங்கே வேலைநிமித்தம் குடியிருந்தபோதுதான் விலங்குக் காப்பகம் ஒன்றிலிருந்து ஓட்டோ என்னிடம் வந்தான். கறுப்பும் பழுப்பும் கலந்த, எந்த இனத்திலும் சேர்க்க முடியாத நடுத்தர உயர நாய். அங்கே நாய் வளர்ப்பது லேசான காரியமல்ல. 2013 ஜூலையிலிருந்து, முதன்முறை நாய் வாங்குகிறவர் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் தேறியாக வேண்டும். நாயின் தோலுக்கடியில் சிப், நாயால் பிறருக்கு ஏதும் நேர்ந்தால் ஈடுகட்டக் காப்பீடு, நகராட்சிக்கு வருடாந்தர நாய்வரி என எல்லாம் உண்டு. நானும் தேர்வு எழுதினேன். நாய் வாலை ஆட்டினால் மகிழ்ச்சி என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு, வாலின் உயரத்துக்கும் விறைப்புக்கும் வேறு வேறு அர்த்தம் உண்டு என்று அந்தப் பாடப்புத்தகம்தான் கற்றுக்கொடுத்தது.

நகரத்துக்குள்ளேயே 640 ஹெக்டேர் அளவில் ஐலன்ரீட என்ற காடு இருக்கிறது. மார்ச் மாதம் அங்கே மரங்கள் இலை விடுவதற்கு முன்பே தரையெல்லாம் வெள்ளைப் பூ பூத்துவிடும். அந்நிய ஊரில் தனியாக இருக்கிறவருக்கு விடியற்காலை மிக நீளமானது. நாய் அதைக் குறைத்தது. லிஃப்டில் வருடக்கணக்கில் பேசாதவர்கள் காட்டுப்பாதையில் குனிந்து ஓட்டோவைத் தடவினார்கள். பிறகு நிமிர்ந்து என் பெயரைக் கேட்டார்கள். ஏப்ரல் 1 வந்ததும் அதே மனிதர்கள், யாரும் கண்காணிக்காத காலை ஆறு மணிக்குக்கூட, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சட்டம் மூளைக்குள் இறங்கி வழக்கமாகிவிட்ட ஒரு சமூகத்தை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

ஊர் திரும்பியபோது ஓட்டோவும் வந்தான். வெளிநாட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் வாழ்ந்து இடம்பெயர்கிறவர்கள் தங்கள் செல்லப் பிராணியைக் கொண்டுவரலாம்; வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றும், விலங்குத் தொற்றுத் தடுப்பு அலுவலகத்தின் அனுமதியும் இருந்தால் சென்னை விமான நிலையத்திலேயே இறக்கலாம். கோவளத்தில் குடியேறினோம். குப்பத்துப் பிள்ளைகள் ஓட்டோவை முதல் வாரமே ‘ஆட்டோ’ ஆக்கிவிட்டார்கள். அவனும் அந்தப் பெயருக்குத்தான் இப்போது சீக்கிரம் திரும்புகிறான். “கடிக்குமாக்கா?” என்று கேட்காமல் ஒரு பிள்ளையும் கிட்டே வந்ததில்லை. “கடிக்காது, ஆனா கேட்டுட்டுத்தான் தொடணும்” என்பேன்.

வெளியூரார் வந்து தங்கும் ஊர்

கோவளம் சென்னையிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். வடக்கே முட்டுக்காடு முகத்துவாரம், மேற்கே கேளம்பாக்கம் வரை பரந்த கழிவெளியும் உப்பளங்களும். மாசி, பங்குனியில் அந்த ஆழமில்லாத நீரில் பூநாரைகள் நிற்பதைப் பாலத்திலிருந்தே பார்க்கலாம். இந்த ஊருக்கு அந்நியர்கள் புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்ட் கம்பெனிக்காரர்கள் இங்கே கடை விரித்தார்கள். நவாப் கட்டிய கோட்டையை 1752-இல் ராபர்ட் கிளைவ் பிடித்தான். அந்தக் கோட்டை இருந்த இடத்தில்தான் இன்று ஒரு நட்சத்திர விடுதி நிற்கிறது. போர்த்துக்கீசிய வழியில் வந்த வணிகர் ஜான் டி மான்டி 1808-இல் கட்டிய கார்மேல் மாதா ஆலயம் ஒரு பக்கம், தமீம் அன்சாரி தர்கா ஒரு பக்கம். இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மகேந்திரா சிட்டி ஆலைகளுக்காக வந்த கொரியர்களும் ஜப்பானியர்களும் ஜெர்மானியர்களும் கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளில் குடும்பமாக இருக்கிறார்கள். உள்ளூர் மீனவர் மூர்த்தி மேகவன் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளி கோவளத்தை உலக வரைபடத்தில் வைத்துவிட்டதால், பலகையைத் தூக்கிக்கொண்டு வரும் வெளிநாட்டு இளைஞர்களுக்கும் குறைவில்லை.

இவர்களில் பலர் தெருவில் எடுத்த நாட்டு நாயை வளர்க்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரியில் அஞ்சல்தலை வெளியிட்ட நாட்டில், நம்மவர்கள் அடர்ந்த ரோமத்துப் பனிநாட்டு ஹஸ்கியைக் காசு கொட்டி வாங்கிவந்து பங்குனி வெயிலில் மூச்சிரைக்க வைக்கிறார்கள். எங்கிருந்தோ வந்தவர் நம் செவலை நாயைக் குளிப்பாட்டி, தடுப்பூசி போட்டு, காலையில் நடக்கக் கூட்டிப்போகிறார். பார்க்கும்போது மனசு நிறைகிறது, கொஞ்சம் உறுத்தவும் செய்கிறது.

ஆனால் கயிறு விஷயத்தில் வெளிநாட்டார், உள்ளூரார் என்ற வித்தியாசமே இல்லை. சொந்த ஊரில் ஏப்ரல் 1 முதல் ஒழுங்காகக் கயிறு பிடித்தவர்கூட இங்கே வந்ததும் கொக்கியைக் கழற்றிவிடுகிறார். மணல் வெறுமையாகத் தெரிகிறது. ஆளில்லை, வேலியில்லை, அறிவிப்புப் பலகையில்லை. நாய் ஓடுவதற்கென்றே விரித்துவைத்த இடம்போல இருக்கிறது.

மணலுக்கடியில்

அது வெறும் மணல் அல்ல. ஒரு பங்குனி ஆமை 35 முதல் 45 கிலோ வரை எடை இருக்கும். இரவில் கரையேறி, அலை எட்டாத மேட்டு மணலில், அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தொடங்கும் எல்லைக்குப் பக்கத்தில், பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடுவை வடிவில் பள்ளம் தோண்டும். நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மூடி, உடம்பை இரண்டு பக்கமும் அசைத்து மணலைத் தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். மறுபடி அந்தக் குழியைப் பார்க்க வராது. 45 நாளிலிருந்து 55 நாளுக்குள் குஞ்சுகள் வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் மணலின் சூடுதான்; சூடு ஏறினால் பெண், குறைந்தால் ஆண்.

இதில் நாய் எங்கே நுழைகிறது? மூன்று இடத்தில். முதலாவது, கரையேறும் தாய். நிலத்து ஆமைபோல் கடலாமையால் தலையையும் துடுப்புகளையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. நான்கு நாய்கள் சூழ்ந்தால் அது கடிபட்டுக் கிடக்க வேண்டியதுதான். கடிபடாவிட்டாலும், குரைப்பும் டார்ச் வெளிச்சமும் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். இரண்டாவது, புதிதாக இட்ட குழி. முட்டையோடு வரும் ஈரத்தின் வாடை முதல் சில இரவுகளுக்கு மணலில் தங்கியிருக்கிறது. மனிதக் கண் தவறவிடும் இடத்தை நாயின் மூக்கு தவறவிடாது. மூன்றாவது, குஞ்சு பொரிக்கும் சமயம். உள்ளே ஓடுகள் உடையத் தொடங்கியதும் மறுபடி வாடை மேலே வரும். கடல் பக்கம் தெரியும் வெளிச்சத்தை நோக்கி ஓடும் உள்ளங்கையளவுகூட இல்லாத குஞ்சுகளைக் காகமும் நண்டும் ஏற்கெனவே காத்திருந்து பிடிக்கின்றன. ஆயிரத்தில் ஒன்று வளர்ந்து பெரிதானாலே அதிர்ஷ்டம் என்பார்கள் ஆமைக்காரர்கள். அந்த ஒன்றும் ஒரு லாப்ரடாரின் விளையாட்டுக்குப் போய்விடலாம்.

வீட்டு நாய் சாப்பிடுவதற்காகத் தோண்டுவதில்லை. தோண்டுவதில் உள்ள ஆனந்தத்துக்காகத் தோண்டுகிறது. முட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

2025 ஜனவரியை இந்தக் கரையோரத்தில் யாரும் மறக்கவில்லை. சென்னையிலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கோவளத்து மணலிலும் கிடந்தன. இழுவலைக்குள் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் திணறி இறந்தவை. இழுவைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அதை மீறியதுதான் முதன்மைக் காரணமாகப் பேசப்பட்டது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தப் பெரிய சாவுக்கு முன்னால் நாய்க்கயிறு சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடலில் இத்தனை இழந்த பிறகு கரையேறித் தப்பும் ஒவ்வொரு குழிக்கும் மதிப்பு கூடிவிடுகிறது. இழுவலையைத் தடுக்க அரசாங்கமும் கடலோரக் காவலும் வேண்டும். கயிற்றைப் பிடிக்க என் கை போதும்.

இரவில் நடப்பவர்கள்

காலையில் நாயோடு நடக்கிறவர்கள் வருவதற்குச் சில மணி நேரம் முன்பு அதே மணலில் வேறு சிலர் நடந்து முடித்திருப்பார்கள். தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் பாம்புப் பண்ணையைத் தொடங்கி, பிறகு அதைக் கிண்டிக்குக் கொண்டுவந்த ரோமுலஸ் விட்டேகரும் அவர் நண்பர்களும் 1970-களில் சென்னைக் கரையில் ஆமை தேடி இரவு நடை தொடங்கினார்கள். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வேர்விட்டவர் அவர். 1976-இல் கோவளத்துக்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணையையும் நிறுவினார். அவரோடு சேர்ந்த சதீஷ் பாஸ்கர், சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்து, ஆமைத் தடம் தேடி இந்தியக் கரையெல்லாம் காலால் அளந்தவர். 2023-இல் மறைந்தார். இந்தியாவில் கடலாமை பற்றிய அறிவு பெரும்பகுதி அவருடைய கால்வலியிலிருந்து வந்தது.

1988-இல் மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய எஸ்.எஸ்.டி.சி.என். என்ற கடலாமைப் பாதுகாப்புக் குழு இன்றும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை பருவம் முழுக்க இரவில் நடக்கிறது. சுப்ரஜா தாரிணி 2002-இல் தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன் மீனவக் கிராமத்து இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக்கியது. இவர்கள் தடத்தைப் பார்த்துக் குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளை அதே ஆழத்தில், அதே வடிவில் தோண்டிய பொரிப்பகக் குழிக்கு மாற்றுகிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது. ஆனாலும் இருட்டில் நடக்கும் மனிதர்களால் எல்லாத் தடத்தையும் பிடிக்க முடியாது. விடியும்போது காற்று தடத்தை அழித்திருக்கும். அந்தத் தவறிய குழிகள்தாம் காலை நாய்களின் பாதையில் கிடக்கின்றன.

கோவளத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஒரு பங்குனிக் காலையில் என்னைக் கைகாட்டி நிறுத்தினார். “யம்மா, நேத்து ராத்திரி இங்க ஒண்ணு ஏறிட்டுப் போயிருக்கு. நாய தண்ணியோரமா கூட்டினு போ.” பார்த்தால், டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல இரண்டு பக்கமும் வரிவரியாய் ஒரு தடம் மேட்டுக்கு ஏறி, இறங்கியிருந்தது. “சரிங்கய்யா” என்று ஓட்டோவை அலைப்பக்கம் இழுத்துக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்குள் முழுப் பாடமும் அடங்கியிருந்தது.

தண்ணியோரமாக நடப்பதுதான் சரி. ஆமை அலை எட்டாத காய்ந்த மணலில்தான் முட்டையிடும், ஈரமணலில் இடாது. நாய்க்கும் ஈரமணலே நல்லது. இறுகிய தரை, சூடேறாத தரை. பங்குனியில் சூரியன் ஆறு மணியை ஒட்டி எழுகிறது. எட்டு மணிக்கு மேல் காய்ந்த மணல் நாயின் பாதத்தைப் பொசுக்கத் தொடங்கிவிடும். மேட்டில் இராவணன் மீசையின் முள் விரலிடுக்கில் ஏறினால் நாய் மூன்று காலில் நிற்கும்.

கயிறு நாயையும் காக்கிறது. படகுகள் கரைசேரும் இடத்தில் வலையிலிருந்து உதறிய கழிவுகள் கிடக்கும். அதில் பேத்தை மீன் இருந்தால் ஆபத்து. ஊதிப் பந்தாகிக் கிடக்கும் அந்த மீனின் நஞ்சு நாயின் நரம்புகளை முடக்கி மூச்சை நிறுத்திவிடக் கூடியது. கெளுத்தி முள், தூண்டில் முள், சில சமயம் உயிரோடு கடல்பாம்பு, நீலநிறத்தில் பளபளக்கும் சொறி. அவிழ்த்துவிட்ட நாய் இதையெல்லாம் உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். கடல்நீரைக் குடித்தாலும் வாந்தி, பேதி. ஆகவே ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

கோவளத்துக் கடற்கரையின் ஒரு பகுதி 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. டென்மார்க்கிலிருந்து வழங்கப்படும் அந்தச் சான்றுக்கு 33 அளவுகோல்கள். கடற்கரைக்குள் நாய்கள் வருவதைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அந்தப் பகுதிக்குள் நாயைக் கூட்டிப்போகாமல் விட்டுவிடுவதே முறை.

தெருநாய் என்ன செய்யும்?

“எங்க நாயைக் கட்டினா போதுமா? குப்பத்து நாய்ங்களை யார் கட்டுவா?” என்று என்னோடு நடக்கிறவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. குழிகளைத் தோண்டுவதில் தெருநாய்களின் பங்கு பெரியது. ஆனால் அதற்குப் பதில் கொல்வதல்ல. 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் குடும்பம் தொடங்கிய ப்ளூ கிராஸ் விலங்குநல அமைப்பு, 1964-லேயே கருத்தடை ஒன்றுதான் வழி என்று சொல்ல ஆரம்பித்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆனது. 2001-இல் அது நாடு முழுமைக்குமான விதியாகி, 2023-இல் திருத்தப்பட்டது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும், வெறிநோயோ மூர்க்க குணமோ இல்லாத நாய்களைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. மாநகர எல்லைக்கு வெளியே இருக்கும் கோவளம் போன்ற ஊராட்சிகளுக்கு அந்த வேலை முறையாக வந்துசேர வேண்டும். மீன் கழிவும் விடுதிக் குப்பையும் மணலில் கொட்டப்படும்வரை நாய்க்கூட்டம் கரையைவிட்டு நகராது. கருத்தடையும் குப்பை அகற்றலும் சேர்ந்து நடந்தால்தான் எண்ணிக்கை குறையும். அதற்குப் பல வருடம் ஆகும்.

அதுவரை நம் நாய் நம் கையில். தெருநாய்க் கூட்டத்துக்குள் வீட்டு நாய் அவிழ்ந்து ஓடினால் சண்டை வரும், அல்லது அதைப் பார்த்து இதுவும் தோண்டக் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு துண்டுக் கரையும் ஒரு கூட்டத்துக்குச் சொந்தம். எங்கே அந்தக் கூட்டத்தின் எல்லை முடிகிறது என்று ஓட்டோவுக்கு நன்றாகத் தெரியும். மணலை முகர்ந்து, ஓர் இடத்தில் தானாகவே நின்றுவிடுவான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்கட்டும் என்று கடலுக்கு இவ்வளவு பெரிய ஓய்வைக் கொடுக்கிறோம். அதற்காக மீனவர்கள் இரண்டு மாத வருமானத்தை இழக்கிறார்கள். கடைசிக் குஞ்சுகள் கடலில் இறங்குவதும் அந்த நாட்களில்தான். நாய் வளர்க்கும் நம்மிடம் கேட்பது அவர்கள் கொடுப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

முட்டுக்காட்டிலிருந்து வடநெம்மேலி வரை கடற்கரைக்கு இறங்கும் ஒவ்வொரு சந்தின் முனையிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை வேண்டும்: டிசம்பர் 15 முதல் மே 31 வரை இந்தக் கரையில் நாயைக் கயிற்றில் மட்டுமே கூட்டிவரவும், ஈரமணலில் நடக்கவும், ஆமையோ தடமோ தென்பட்டால் நாயை விலக்கி வனத்துறைக்குச் சொல்லவும். கூடவே வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். கொரிய, ஜப்பானிய, ஜெர்மன் குடும்பங்கள் இருக்கும் குடியிருப்புகளில் அவரவர் மொழியில் ஒரு தாள் ஒட்டினால் போதும். தங்கள் ஊரில் பழகியதை இங்கேயும் செய்வார்கள். ஊராட்சியும் வனத்துறையும் மீனவர் பஞ்சாயத்தும் ஒருமுறை உட்கார்ந்து பேசி முடிக்கக்கூடிய காரியம் இது. அடுத்த மார்கழியில் முதல் ஆமை கரையேறுமுன் அந்தப் பலகைகள் நட்டாக வேண்டும்.